வாசகர் கேள்வி பதில்: பெண்கள் கூட்டம் போட்டால் போர் நின்றுவிடுமா?

1931-ம் ஆண்டு நோபல் அமைதிப் பரிசு யாருக்குக் கிடைத்தது என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜேன் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கும் நிக்கோலஸ் மர்ரி பட்லர் என்ற பேராசிரியருக்கும் பாதிப் பாதி, முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக ஜேன் ஆடம்ஸை அவருடைய நாட்டுப் பத்திரிகைகளே திட்டித் தீர்த்தன என்று நாலு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேருக்கு ஆர்வம், மீதிப் பேருக்கு நக்கல். ஆகவே இந்த இதழில் சினிமா, கிரிக்கெட், அரசியல் எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் அமைதி கேட்டு நாடு நாடாக அலைந்த பெண்களின் கதைதான்.

கேள்வி: போர் நடந்துகொண்டிருந்தபோதே எதிரி நாட்டுப் பெண்கள் ஒரே இடத்தில் கூடினார்களாமே, நிஜமா? அரசாங்கங்கள் எப்படி விட்டன?

கூடியது நிஜம். விட்டார்கள் என்று சொல்ல முடியாது.

1915 ஏப்ரல் 28-ம் தேதி, போரில் சேராமல் ஒதுங்கியிருந்த நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூட்டம் தொடங்கியது. ஏற்பாடு செய்தவர் அந்த நாட்டின் முதல் பெண் மருத்துவரான அலெட்டா யாகோப்ஸ், தலைமை ஜேன் ஆடம்ஸ். பன்னிரண்டு நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் என்று கணக்கு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் டச்சுக்காரர்கள், மற்ற நாட்டுக்காரர்கள் வந்து சேருவதே பெரும்பாடாக இருந்தது. பிரிட்டனில் சுமார் 180 பேர் போகத் தயாரானார்கள், உள்துறை அமைச்சர் அதில் இருபத்துச் சொச்சம் பேருக்கு மட்டும் தலையாட்டினார், அந்தக் கொஞ்சம் பேரும் கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் வட கடலில் கப்பல் போக்குவரத்தையே மூடிவிட்டார்கள். கடைசியில் பிரிட்டன் சார்பில் அரங்கில் உட்கார்ந்தவர்கள் மூன்றே பேர். இருவர் முன்னாலேயே ஹேக் போய்விட்டதால் தப்பித்தார்கள், மூன்றாமவர் அமெரிக்காவிலிருந்து வந்த கப்பலில் ஏறி வந்தவர். அந்தக் கப்பலையும் ஆங்கிலக் கால்வாயில் சில நாள் நிறுத்திவைத்தது பிரிட்டிஷ் கடற்படை. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்கள் இருந்தார்கள். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இந்த முயற்சியை முட்டாள்தனம், இழிவானது என்றே வர்ணித்தார். பிரெஞ்சுப் பெண்கள் அமைப்புகள், எங்கள் மண்ணில் எதிரி நிற்கும்போது அவன் நாட்டுப் பெண்களோடு என்ன பேச்சு என்று மறுத்துவிட்டன. அவர்கள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

எனக்கு இதில் பிடித்த பகுதி பெல்ஜியப் பெண்களுடையது. அந்த நாடு அப்போது ஜெர்மானியப் படையின் பிடியில். அங்கிருந்து ஐந்து பேர் அனுமதி வாங்கிக் கிளம்பினார்கள், எல்லையில் உடம்பு முழுக்கச் சோதனை போட்டார்கள், அதற்கப்புறம் நடந்தே எல்லையைத் தாண்டி ரயில் பிடித்து, கூட்டம் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்தார்கள். தங்கள் நாட்டைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மனியின் பெண்கள் உட்கார்ந்திருந்த அதே அரங்கத்துக்குள்!

கூட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. யார் போரைத் தொடங்கினார்கள், யார் அதிகம் அட்டூழியம் செய்தார்கள் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அதைத் திறந்துவிட்டிருந்தால் முதல் நாள் மதியத்தோடு கூட்டம் முடிந்திருக்கும்.

கேள்வி: சரி, கூடிப் பேசி என்னத்தைக் கிழித்தார்கள்?

இருபது தீர்மானங்கள் போட்டார்கள். ரகசிய ஒப்பந்தங்கள் வேண்டாம், மக்களைக் கேட்காமல் நிலப்பரப்பைக் கைமாற்றக் கூடாது, நாடுகளுக்கு இடையே நிரந்தர நீதிமன்றம் வேண்டும், ஆயுதத் தொழிற்சாலைகள் தனியார் கையில் இருக்கக் கூடாது. இதில் சிலவற்றை 1918-ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் தன் பதினான்கு அம்சத் திட்டத்தில் சொன்னபோது உலகமே கைதட்டியது. பெண்கள் சொன்னபோது சிரித்த அதே உலகம்தான்.

தீர்மானத்தோடு விட்டிருந்தால் உங்கள் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தடுமாறியிருப்பேன். ஹங்கேரியைச் சேர்ந்த ரோசிகா ஷ்விம்மர் எழுந்து, இதைத் தபாலில் அனுப்பிப் பயனில்லை, நாமே கையில் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு அரசாங்கத்திடமும் கொடுப்போம் என்றார். ஜேன் ஆடம்ஸுக்கே அது நாடகத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் போனார்கள். 1915 கோடையில் இரண்டு குழுக்களாகப் பிரிந்து லண்டன், பெர்லின், வியன்னா, ரோம், பாரிஸ், அப்புறம் வடக்கே ஸ்காண்டிநேவிய நாடுகள், ரஷ்யா என்று மொத்தம் பதினான்கு நாடுகளின் தலைவர்களைப் பார்த்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: போரில் சேராத நாடுகள் ஒரு நிரந்தர மத்தியஸ்தக் குழு அமைத்தால் நீங்கள் எதிர்ப்பீர்களா?

ஆஸ்திரியப் பிரதமரிடம், பெண்கள் இப்படி ஊர் ஊராக வந்து நிற்பது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம் என்று ஜேன் ஆடம்ஸ் சங்கடத்தோடு ஆரம்பிக்க, அவர் மேஜையைத் தட்டி, பத்து மாதமாக இந்த அறையில் யாரும் பேசாத அளவுக்குப் புத்தியுள்ள பேச்சு இதுதான் என்றாராம். எல்லோரும் ஏறக்குறைய இதே மாதிரிதான். எதிர்க்க மாட்டோம், ஆனால் முதலில் நாங்கள் கேட்டால் பலவீனமாகத் தெரியும், வேறு யாராவது ஆரம்பிக்கட்டும். பூனைக்கு மணி கட்டக்கூடிய இடத்தில் இருந்தது அமெரிக்கா. வில்சன் கட்டவில்லை. 1917-ல் அவரே போரில் இறங்கினார்.

கேள்வி: வெர்செய்ல்ஸ் ஒப்பந்தம் இன்னொரு போரில் கொண்டுபோய் விடும் என்று முதலில் எச்சரித்தவர் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ்தானே? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.

தேர்வில் என்ன விடை கேட்கிறார்களோ அதையே எழுதுங்கள், மார்க்குக்கு நான் பொறுப்பில்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். அந்த எச்சரிக்கை உள்ள கெய்ன்ஸின் புத்தகம் வந்தது 1919 டிசம்பரில். வெர்செய்ல்ஸ் ஒப்பந்த நிபந்தனைகள், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம் கொடுக்கப்பட்டது அதே ஆண்டு மே 7-ல். மே 12-ம் தேதி சூரிச்சில் இந்தப் பெண்களின் இரண்டாவது மாநாடு தொடங்கியது. வென்றவர்கள் பாரிஸில் பேசும்போது அதே ஊரில் கூட வேண்டும் என்பதுதான் அவர்கள் திட்டம், ஆனால் தோற்ற நாட்டுப் பெண்களை அங்கே உள்ளே விட மாட்டார்கள் என்பதால் ஸ்விட்சர்லாந்து. நிபந்தனைகளின் நகல் கைக்குக் கிடைத்ததும் உட்கார்ந்து படித்தார்கள், அந்த வாரமே தீர்மானம் போட்டார்கள். இந்த நிபந்தனைகள் ஐரோப்பா முழுக்கப் பகையையும் வறுமையையும் விரக்தியையும் விதைக்கும், எதிர்காலப் போர்களுக்குத்தான் வழிவகுக்கும் என்பது அதன் சாரம். தோற்றவர்களுக்கு மட்டும் ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு வென்றவர்கள் வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்றும் கேட்டார்கள்.

இதைச் சொன்னவர்களில் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும், அதாவது ஜெயித்த கட்சி. அந்த வாரத்தில் லண்டனில் ஒருவர் இப்படிப் பேசினால் அவர் துரோகி.

அதே மாநாட்டில் இன்னொரு விஷயம் நடந்தது. போர் நின்று ஆறு மாதம் ஆகியும் ஜெர்மனி, ஆஸ்திரியா மீதான உணவு முற்றுகையை முழுதாக எடுக்கவில்லை. வியன்னாவிலிருந்து வந்த தோழி ஒருவர் மெலிந்து உருமாறிப் போயிருந்ததால் அவரை அடையாளம் காணவே தனக்குச் சிரமமாக இருந்தது என்று ஜேன் ஆடம்ஸ் பிற்பாடு எழுதினார். முற்றுகையை நீக்கச் சொல்லிப் பாரிஸுக்குத் தந்தி அடித்தார்கள். வில்சனிடமிருந்து பதில் வந்தது: உங்கள் வேண்டுகோள் என் அறிவையும் மனத்தையும் தொடுகிறது, ஆனால் நடைமுறைச் சிக்கல்கள் எக்கச்சக்கம், நம்பிக்கை தருவதற்கு இல்லை. தபால்காரர் கொண்டுவரும் கதை நிராகரிப்புக் கடிதம்கூட இதைவிட உருப்படியாக இருக்கும்.

பிரான்சிலிருந்து ஷான் மெலின் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார், அவருடைய பகுதி போரில் நாசமாகிக் கிடந்தது. ஜெர்மனியின் லிடா குஸ்டாவா ஹைமன் எழுந்து போய் மேடையிலேயே அவர் கையைப் பற்றிக்கொண்டார். மொத்த அரங்கமும் எழுந்து நின்றது. அந்த மாநாட்டில்தான் அமைப்புக்கு 'அமைதிக்கும் சுதந்திரத்துக்குமான பெண்கள் சர்வதேச லீக்' என்று பெயர் வைத்து, தலைமையகத்தை ஜெனீவாவுக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார்கள். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அங்கேதான் வரப்போகிறது, பக்கத்திலேயே இருந்து கண்காணிக்கலாம் என்ற கணக்கு. முதல் செயலாளர் எமிலி கிரீன் பால்ச். பொருளாதாரப் பேராசிரியை, போரை எதிர்த்ததற்காக அமெரிக்காவில் தன் கல்லூரி வேலையை இழந்தவர். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

கேள்வி: அவர்களுக்கெல்லாம் ஓட்டுரிமையாவது இருந்ததா?

1915-ல் ஹேக்கில் கூடியவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. அந்த பிரெஞ்சுத் தோழிக்கு 1944 வரை இல்லை. லீக்கின் தலைமையகம் இருந்த ஸ்விட்சர்லாந்தில் பெண்களுக்கு நாடு தழுவிய ஓட்டுரிமை எப்போது வந்தது தெரியுமா? 1971.

கேள்வி: பெண்கள் இயல்பிலேயே சாந்தமானவர்கள், தாய்மை உணர்வுதான் இதற்கெல்லாம் காரணம் என்று என் ஆசிரியை சொல்கிறார். சரியா?

உங்கள் ஆசிரியை சொல்வதை அந்த இயக்கத்திலேயே பலர் சொன்னார்கள். பெற்று வளர்த்தவளுக்குத்தான் உயிரின் அருமை தெரியும் என்பது அப்போதும் மேடையில் எடுபடுகிற பேச்சு. ஆனால் போர் வந்ததும் பிரிட்டனில் ஓட்டுரிமைப் போராட்டத்தின் பெரிய தலைவியான எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் படைக்கு ஆள் சேர்க்கும் கூட்டங்களில் முழங்கினார். அவரும் தாய்தான். அவருடைய மகள் சில்வியா அதே போரை எதிர்த்தார். ஒரே வீட்டுக்குள்ளேயே நிலைமை இப்படி இருக்க, இயல்பு, கியல்பு என்று எதைச் சொல்வது?

நான் படித்த அளவில், இந்தப் பெண்களின் பலம் உணர்ச்சிப் பேச்சில் இல்லை, வீட்டுப்பாடம் செய்ததில்தான் இருந்தது. கெர்ட்ரூட் வோக்கர் என்று ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு வேதியியல் அறிஞர், ஸ்வீடனைச் சேர்ந்த நைமா சால்போம் இன்னொரு வேதியியல் அறிஞர். 1924-ல் லீக்கின் மாநாட்டுக்காக அமெரிக்கா போன இருவரும் அங்கே எட்ஜ்வுட் என்ற இடத்தில் ராணுவம் விஷவாயுவைச் சோதித்துக் காட்டியதை நேரில் போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து, அடுத்த போரில் வாயு ராணுவ வீரனோடு நிற்காது, விமானத்திலிருந்து ஊர் மேலேயே விழும் என்று தங்கள் துறை அறிவை வைத்தே வோக்கர் புத்தகம் போட்டார், ஊர் ஊராகப் பேசினார். 1929 ஜனவரியில் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நவீனப் போர்முறைகள் பற்றி லீக் ஒரு தனி மாநாடே நடத்தியது. குழந்தைக்கு வாயு முகமூடி மாட்டினால் போதும் என்று அரசாங்கங்கள் சொல்லிக்கொண்டிருந்த விஷயத்தை எடுத்து, எந்த முகமூடி, எந்த வாயு, எத்தனை நேரம் என்று கேட்கிற பெண்களோடு வாதாடுவது அதிகாரிகளுக்குச் சுலபமாக இல்லை.

கேள்வி: குழந்தைகள் நல அமைப்பு ஒன்றும் இதே போராட்டத்தில் பிறந்தது என்கிறார்களே?

சேவ் தி சில்ட்ரன். 1919-ல் எக்லன்டைன் ஜெப் என்ற பிரிட்டிஷ் பெண்மணி, மேலே சொன்ன உணவு முற்றுகையில் பட்டினியால் வற்றிய ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையை லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்ததற்காகக் கைதானார். தணிக்கை அனுமதி வாங்கவில்லை என்று வழக்கு, அபராதம் ஐந்து பவுண்டு. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே ஐந்து பவுண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அமைப்புக்கு வந்த முதல் நன்கொடை அதுதான் என்று சொல்வார்கள்.

கேள்வி: இந்த அமைதிப் பெண்கள் எல்லாம் மாஸ்கோவின் கைக்கூலிகள் என்று ஒரு பழைய கட்டுரையில் படித்தேன். நெருப்பில்லாமல் புகையுமா?

சில சமயம் புகை போடுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கும். 1923-ல் அமெரிக்காவில் ஒரு வரைபடம் சுற்றுக்கு வந்தது. 'சிலந்தி வலை' என்று பெயர் பெற்ற படம். பெண்கள் அமைப்புகளின் பெயர்கள் ஒரு பக்கம், தலைவிகளின் பெயர்கள் ஒரு பக்கம், நடுவே கோடு கோடாக இழுத்து, எல்லாம் சேர்ந்து சர்வதேச சோஷலிசச் சதி என்று காட்டியது. பெற்றோர் ஆசிரியர் சங்கம், மதுவிலக்குச் சங்கம்கூட அந்த வலையில் சிக்கியிருந்தன. தயாரித்தது எந்த இடம் என்றால், ராணுவத்தின் ரசாயனப் போர்ப் பிரிவு. அதாவது விஷவாயு இலாகா! அங்கே வேலை பார்த்த நூலகர் ஒருவர் போட்ட படம். பெண்கள் அமைப்புகள் வாக்காளர் பலத்தோடு சண்டைக்குப் போனதும், போர்த்துறை அமைச்சர் அந்தப் பிரதிகளை அழிக்கச் சொன்னார். அதற்குள் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் பத்திரிகையில் அச்சாகி நாடு முழுக்கப் போய்விட்டது. அந்த அவதூறு பல வருடம் அவர்களைத் துரத்தியது.

லீக்கில் இடதுசாரிகள் இருந்தார்களா என்றால், இருந்தார்கள். பிரெஞ்சுக் கிளையின் கேப்ரியல் துஷேன் 1930-களில் கம்யூனிஸ்ட்டுகளோடு சேர்ந்தே வேலை செய்தார், அதற்காக லீக்குக்குள்ளேயே கடும் சண்டை நடந்தது. கைக்கூலிக் கூட்டமாக இருந்திருந்தால் சண்டை எதற்கு?

கேள்வி: துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு பெண்ணுக்குக் குடியுரிமை மறுத்தார்களாமே? சட்டக் கல்லூரி நண்பன் சொன்னான், நம்ப முடியவில்லை.

நண்பன் சொன்னது சரி. மேலே வந்தாரே ரோசிகா ஷ்விம்மர், அவரேதான். இவர் வாழ்க்கையை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. ஹென்றி ஃபோர்டைப் பேசியே கரைத்து 1915 டிசம்பரில் ஒரு கப்பல் நிறைய அமைதி ஆர்வலர்களை ஐரோப்பாவுக்கு அனுப்ப வைத்தவர், போர் முடிந்ததும் புதிய ஹங்கேரி அரசின் தூதராக ஸ்விட்சர்லாந்துக்குப் போனவர், அடுத்தடுத்து ஆட்சி மாறியதில் தப்பி ஓடி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஒரு கேள்வி: தேவைப்பட்டால் நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்துவாயா? மாட்டேன் என்று எழுதினார்.

ஐம்பதை ஒட்டிய வயது. ஆயுதம் ஏந்துகிறேன் என்று இவர் கெஞ்சினாலும் எந்த ராணுவமும் சேர்த்துக்கொள்ளாது. பொய்யாக 'ஆம்' என்று எழுதியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1929-ல் ஆறுக்கு மூன்று என்று தோற்றார். மூவரில் ஒருவரான நீதிபதி ஹோம்ஸ் மாறுபட்ட தீர்ப்பில், கருத்துச் சுதந்திரம் என்பது நமக்கு உடன்பாடான கருத்துக்கு மட்டும் அல்ல, நாம் வெறுக்கும் கருத்துக்கும்தான் என்று எழுதியது இன்று வரை மேற்கோள் காட்டப்படுகிறது. உங்கள் நண்பனும் அங்கேதான் படித்திருப்பார். அந்தத் தீர்ப்பின் நிலைப்பாட்டை 1946-ல் அதே நீதிமன்றம் கைவிட்டது. ஷ்விம்மர் 1948-ல் எந்த நாட்டின் குடிமகளாகவும் இல்லாமலேயே இறந்துபோனார்.

கேள்வி: வெள்ளைக்காரப் பெண்கள் அமைதி பேசினார்கள், சரி. அவர்களின் அரசாங்கங்கள் அடிமைப்படுத்தி வைத்திருந்த நாடுகளைப் பற்றி வாயைத் திறந்தார்களா?

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். முதல் பத்தாண்டில் அவர்கள் உலகம் பெரும்பாலும் ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான். ஆனால் மௌனமாக இருந்தார்கள் என்று சொன்னால் அது தப்பு. ஹைட்டி நாட்டை 1915 முதல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பிடித்துவைத்திருந்தார்கள். 1926-ல் எமிலி பால்ச் தலைமையில் ஆறு பேர் அங்கே போனார்கள், அவர்களில் கறுப்பினப் பெண்களும் உண்டு. சில வாரம் தங்கி, சாலை, சிறை, பள்ளி, நீதிமன்றம், பத்திரிகைச் சுதந்திரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அறிக்கை எழுதி 1927-ல் புத்தகமாகப் போட்டார்கள். முடிவு: படையைத் திரும்பக் கூப்பிடு. படை திரும்பியது 1934-ல். அறிக்கையால் மட்டும்தான் திரும்பியது என்று நான் அளக்க மாட்டேன், ஹைட்டி மக்கள் கிளர்ந்தெழுந்ததுதான் முக்கியக் காரணம். ஆனால் தன் நாட்டு ராணுவத்தைப் பற்றித் தன் நாட்டிலேயே இப்படி எழுதுவது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியமில்லை.

ஆசியாவின் பெண்கள் ஐரோப்பா கூப்பிடட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. 1931 ஜனவரியில் லாகூரில் அகில ஆசியப் பெண்கள் மாநாடு கூடியது. முன்னின்று ஏற்பாடு செய்தவர் அயர்லாந்தில் பிறந்து இந்தியாவையே வீடாக்கிக்கொண்ட மார்கரெட் கசின்ஸ். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சரோஜினி நாயுடு மாநாடு நடந்தபோது சிறையில். அடுத்த ஆண்டே மார்கரெட் கசின்ஸும் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறைக்குப் போனார். ஜெனீவாவில் சமாதானம் பேசுகிறவர்களுக்கு ரயில் தவறுவதுதான் பெரிய கஷ்டம் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை.

கேள்வி: லட்சக்கணக்கில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்களாமே?

லட்சம் இல்லை, எண்பது லட்சத்துக்கும் மேல்.

1932 பிப்ரவரி 2-ம் தேதி ஜெனீவாவில் உலக ஆயுதக் குறைப்பு மாநாடு தொடங்கவிருந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் பல நாட்டுப் பெண்கள் அமைப்புகள் கையெழுத்து வேட்டையில் இறங்கின. அமெரிக்காவில் 1931 கோடையில் ஹாலிவுட்டிலிருந்து கார்களில் கிளம்பிய ஒரு குழு, வழியில் ஊர் ஊராக நிறுத்திக் கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டே நாட்டின் மறுகோடிக்குப் போய், அக்டோபரில் வாஷிங்டனில் ஜனாதிபதி ஹூவரிடம் கொடுத்தது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஜப்பானியப் பெண்களும் வாங்கினார்கள்.

மாநாடு தொடங்கிய நாளில் என்ன நடந்தது தெரியுமா? ஷாங்காய் மீது ஜப்பான் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேச சர்வதேச சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்ததால், ஆயுதக் குறைப்பு மாநாடே ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. நாவலில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். பிப்ரவரி 6-ம் தேதி மனுக்களைப் பெறுவதற்கென்றே ஒரு தனி அமர்வு. கட்டுக்கட்டாகத் தாள்களைச் சுமந்துகொண்டு பெண்கள் அரங்கத்துக்குள் வரிசையாக வந்து மேடைக்கு முன் குவித்தார்கள். அவர்கள் சார்பில் பேசிய மேரி டிங்மன், இந்த ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பயத்தோடு வாழும் ஓர் உயிருள்ள மனிதர் இருக்கிறார் என்றார். தலைமை தாங்கிய ஆர்தர் ஹெண்டர்சன் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார்.

நெகிழ்ந்தவர் கையில் படை இல்லை, அதுதான் பிரச்சினை. பாதுகாப்புக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் ஆயுதத்தைக் குறைப்பேன் என்றது பிரான்ஸ். எனக்கும் சம உரிமை கொடு என்றது ஜெர்மனி. 1933 அக்டோபரில் ஹிட்லரின் ஜெர்மனி வெளிநடப்பு செய்தது, 1934-ல் மாநாடு கிட்டத்தட்ட செத்துவிட்டது. பிரிட்டிஷ் குழுவில் மாற்றுப் பிரதிநிதியாக இருந்த மார்ஜரி கார்பெட் ஆஷ்பி, என் அரசாங்கத்துக்கு இதில் அக்கறையே இல்லை என்று 1935-ல் ராஜினாமா செய்தார்.

கையெழுத்து வீணா என்று அடுத்த கேள்வி வரும். என் கருத்து இது: மறுபடி ஓட்டுக் கேட்டு வரவேண்டிய அரசாங்கம்தான் கையெழுத்துக்குப் பயப்படும். பயம் தேவையாக இருந்த இரண்டு தலைநகரங்களில் அந்த வகை அரசாங்கம் வேகமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

கேள்வி: கடைசியாக ஒன்று. ஹிட்லர் வந்த பிறகும் ஆயுதம் வேண்டாம் என்று பாடிக்கொண்டிருந்தார்களா? அப்படியானால் அவர்களும் குற்றவாளிகள்தானே?

இந்தக் கேள்வியைப் பலர் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள், இதுதான் கொஞ்சம் நாகரிகமான வடிவம்.

முதலில் ஒரு தகவல். 1923-லேயே, ஹிட்லர் யார் என்று வெளியுலகுக்கு அதிகம் தெரியாத காலத்தில், ம்யூனிக்கில் லிடா ஹைமனும் அவருடைய வாழ்நாள் தோழி அனிதா அவுக்ஸ்பூர்க்கும் இன்னும் சிலரும் பவேரிய உள்துறை அமைச்சரிடம் போய், இந்த ஆள் ஆஸ்திரியக் குடிமகன், இவனை நாடு கடத்துங்கள் என்று கேட்டார்கள். அமைச்சர் கேட்கவில்லை. பத்து வருடம் கழித்து அந்த ஆள் ஆட்சியைப் பிடித்தபோது இருவரும் வெளிநாட்டில் பயணத்தில் இருந்தார்கள். திரும்பவில்லை, திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சொத்து பறிமுதல், வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூலகமும் ஆவணங்களும் போயே போயின. சூரிச்சில் தோழிகள் தயவில் வாழ்ந்து 1943-ல் சில மாத இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். யார் ஹிட்லரைப் புரிந்துகொள்ளவில்லை என்ற பட்டியலில் இவர்கள் பெயரை என்னால் சேர்க்க முடியாது.

லீக்கின் பெயரில் அமைதியும் இருக்கிறது, சுதந்திரமும் இருக்கிறது. 1933-க்குப் பிறகு இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியவில்லை. அபிசீனியாவை (இன்றைய எத்தியோப்பியா) இத்தாலி தாக்கியபோது பொருளாதாரத் தடை போடலாமா? தடைக்குப் பின்னால் படை போனால்? உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினில் குடியரசு அரசுக்கு ஆயுதம் தரலாமா? ஒவ்வொரு கேள்விக்கும் லீக் இரண்டாகப் பிளந்தது. சாதாரண மக்களும் அப்படித்தான். பிரிட்டனில் 1934-35-ல் வீடு வீடாகப் போய் எடுத்த அமைதி வாக்கெடுப்பில் ஒரு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள், அலைந்த தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆக்கிரமிக்கும் நாட்டின் மீது பொருளாதாரத் தடை போடலாம் என்றவர்கள் ஏறக்குறைய ஒரு கோடி. தேவைப்பட்டால் ராணுவ நடவடிக்கை என்றதும் அது அறுபத்தெட்டு லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதை எடுத்து, மக்கள் கோழைகள் என்று எழுதியவர்களும் உண்டு, மக்கள் போருக்கும் தயார் என்று எழுதியவர்களும் உண்டு.

போர் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். 1932-ல், சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே ஆயுதமில்லாமல் போய் நிற்கிறோம் என்று 'அமைதிப் படை'க்கு ஆள் சேர்த்த மாட் ராய்டன், நாஜிகளுக்கு எதிராகப் போர் தவிர வழியில்லை என்று கொள்கையைக் கைவிட்டார். பிரிட்டிஷ் கிளையின் முதல் தலைவி ஹெலனா ஸ்வான்விக் போர் தொடங்கிய மூன்றாம் மாதம் காலமானார், மனமுடைந்துதான். எமிலி பால்ச் நீண்ட மனப் போராட்டத்துக்குப் பிறகு போரை ஏற்றுக்கொண்டு, ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த அகதிகளுக்காக வேலை செய்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் ஜெனட் ரேங்கின் நேர் எதிர். 1917-ல் போருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர், அப்போது கீழவையில் அவரோடு சேர்த்து ஐம்பது பேர் இருந்தார்கள். 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதற்கு மறுநாள், போர் அறிவிப்புக்கான ஓட்டு 388-க்கு 1. அந்த ஒன்று அவர்தான். வெளியே வந்தவரைக் கூட்டம் சூழ்ந்துகொள்ள, ஒரு டெலிபோன் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, போலீஸ் வந்து கூட்டிப்போகும் வரை உள்ளேயே இருந்தார்.

அந்த ஓட்டு சரியா என்று என்னைக் கேட்டால், நான் போட்டிருக்க மாட்டேன். ராய்டன் செய்ததைச் செய்திருப்பேன். ஆனால் குற்றவாளி என்கிறீர்களே, அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். 1919-ல் பட்டினி போடாதே என்றார்கள், போட்டார்கள். 1923-ல் அந்த ஆளை நாடு கடத்து என்றார்கள், கடத்தவில்லை. 1932-ல் எல்லோரும் சேர்ந்து குறையுங்கள் என்றார்கள், குறைக்கவில்லை. அதிகாரம் இருந்தவர்கள் எல்லாவற்றையும் செய்யாமல் விட்டுவிட்டு, 1939-ல் வந்து, இப்போது உன் அமைதி எங்கே என்று அதிகாரமே இல்லாதவர்களைக் கேட்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

கேள்வி: அந்த அமைப்பு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, ஜெனீவாவிலேயே. 1946-ல் எமிலி பால்ச்சுக்கும் நோபல் கிடைத்தது, ஜேன் ஆடம்ஸ் போலவே அவரும் பணத்தில் பெரும்பங்கை லீக்குக்கே கொடுத்துவிட்டார். 1948 முதல் ஐ.நா.வில் ஆலோசனை அந்தஸ்து உண்டு. போர்ப் பேச்சுவார்த்தைகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்று 2000-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 1325-ம் தீர்மானத்துக்காக உழைத்த அமைப்புகளில் இதுவும் ஒன்று. அடுத்த இதழில் வழக்கம்போல சினிமாக் கேள்விகளை அனுப்பலாம்.